தம்பியின் மார்பளவு

எண்பதுகளின் தொடக்கத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கத் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். அளவெடுக்கும் குழுவில் என் கணவரும் இருந்தார், ஹவில்தார். வரிசையில் நின்றவர்களில் என் தம்பியும் ஒருவன். வயது வரம்பின்படி அதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. மாமா இருக்கிறார், வேலை கிடைத்த மாதிரிதான் என்று வீடே நம்பியது. எடை கூடட்டுமென்று அன்று காலை வாழைப்பழமாக அவன் வாயில் திணித்தேன்.

மத்தியானம் வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தான். நடந்ததை அவனிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. இவர் முதலிலேயே அதிகாரியிடம், "இவன் என் மச்சான், நான் அளக்க மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டாராம். அதுவரை சரி. அளந்தவர், கூட வேலை செய்பவரின் மச்சானாயிற்றே என்று டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து, மூச்சை இழுத்தபோது மார்பு வேண்டிய அளவு விரிந்ததாகச் சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த இவர், "திரும்ப அளங்க" என்றாராம். திரும்ப அளந்தால் ஒரு விரற்கடை குறைந்தது. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் இவர் சாப்பிட உட்கார்ந்தார். மருமகனிடம் நேரே பேசாத அம்மா, என்னைப் பார்த்துக் கத்தினாள்: "தனக்கு மிஞ்சிதான் தானமும் தருமமும்னு உன் வூட்டுக்காரருக்குத் தெரியாதாடி?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு விரக்கடைங்க. அதுல நாடு கவுந்துடுமா?"

"எல்லையில, மலைமேல காத்து கம்மி. மூச்சு பத்தாம ஒருத்தன் விழுந்தா, அவனத் தூக்கினு இன்னொருத்தன் வரணும். அவனுக்கும் அக்கா இருப்பா இல்ல?" என்றார்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவர் பேசினால் நியாயமென்று தோன்றும், தம்பி முகத்தைப் பார்த்தால் அநியாயமென்று தோன்றும். இவ்வளவு நேர்மையான ஆள் என்று பெருமைப்படுவதா, நாளைக்கு என்னையும் இப்படித்தான் அளப்பாரோ என்று பயப்படுவதா?

இவர் கிளம்பிய அன்று, டிரங்குப் பெட்டியை வழக்கம்போலத் தம்பிதான் தலையில் வைத்துப் பேருந்து நிலையம் வரை சுமந்து வந்தான். வேலூர் பேருந்தின் ஏணியில் பெட்டியோடு விறுவிறுவென்று ஏறினான். மேலே வைத்துக் கட்டிவிட்டு இறங்கி, இவர் முன்னால் வந்து நின்றான்.

"மூச்சு வாங்குதா பாருங்க மாமா."

இவர் அவனை உற்றுப் பார்த்தார். "கொஞ்சம்கூட வாங்கல மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

வாங்குகிறது என்று அப்போதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால், தகுதி இல்லாமல்தான் வேலை போனது என்று தம்பி மனசு ஆறியிருக்கும். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.