ஒரே ஒரு பில் போடு, தங்கச்சி!

போன வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

1. சனிக்கிழமை பயிற்சியில் செந்திலின் ரைஃபிள் இரண்டு முறை பாதியில் நின்றது. கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் போல்ட் கேரியரில் முடி மாதிரி ஒரு விரிசல்.

2. செந்திலுக்குக் கிளப் அணியில் முதல் முறையாக இடம் கிடைத்திருக்கிறது. மாவட்டப் போட்டிக்கு இரண்டே வாரம்.

3. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ஆயுதச் சந்தைக்குப் போனான். ஒரு மேஜையில் அதே கேரியர், பாதி விலைக்கு. எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "செவ்வாய் வரை உனக்காக வைத்திருக்கிறேன்" என்றாராம் விற்றவர்.

4. திங்கள் மாலை என்னையும் இழுத்துக்கொண்டு ரஜனி வேலை செய்யும் துப்பாக்கிக் கடைக்குப் போனான்.

5. இதை ஒரு வரியில் அடக்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த வாரப் பத்தி.

செந்தில் இங்கே, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் என்னோடு மாஸ்டர்ஸ் படித்தவன். மதுரைக்காரன். படிப்பு முடிந்து இங்கேயே வேலை, ஆறேழு வருஷம் ஆகிறது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு கிரிக்கெட் டீம் மாதிரி இங்கே ஊருக்கு ஒரு துப்பாக்கி சுடும் கிளப். நான் ஏர் ரைஃபிளோடு நிறுத்திக்கொண்டேன். அவன் விடவில்லை. வருஷக்கணக்கில் பயிற்சி, பரீட்சை, போலீஸ் விசாரணை, வீட்டுச் சுவரில் பூட்டுப் பெட்டகம்... எல்லாம் முடித்து உரிம அட்டையோடு ஒரு ரைஃபிள் வாங்கினான்.

கேரியர் என்றால் என்ன? ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான எஃகு உருளை. தோட்டா அறையின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் ஓடி முன்னால் வரும். அது ஓடாவிட்டால் மீதி ரைஃபிள் வெறும் இரும்புக் கம்பி.

ரஜனி துப்பாக்கி செப்பனிடும் தொழிலை முறையாகப் படித்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கடைக்குள் நுழைந்ததும் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, முந்தைய நாள் போன மஞ்சள் நீராட்டு விழாவைப் பற்றி ஆரம்பித்தார்.

"அக்கா, நேற்று ஒரு சாமத்தியவீடு. அம்மாட்ட ஆரோ மகள் என்ன வேலை எண்டு கேட்டிட்டினம். 'மெஷின் கடையில' எண்டுட்டா!"

"ஏன், துப்பாக்கிக் கடைன்னு சொன்னா என்னவாம்?" என்றான் செந்தில்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள், நீ துவக்கைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு ஒவ்வொரு நாளும் பேச்சு. நான் என்ன செய்யிறது? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

முதலாளி ஓய்வு பெறப் போகிறார். உரிமம் கிடைத்தால் கடை ரஜனிக்கு. விண்ணப்பம் போட்டாயிற்று. அதற்குத்தான் அதிகாரிகள் அவருடைய பழைய கணக்குகளை எல்லாம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் என் பட்டியலை நீட்டினேன். உலோகம் சோதிக்கிறவளின் பட்டியல். ஒன்று, எஃகுக்குத் தரச் சான்று. இரண்டு, மேற்பூச்சு சீராக இருக்கிறதா? மூன்று, எடை. இலேசானது வேகமாக ஓடும், கனமானது நிதானமாக ஓடும், ரைஃபிளுக்கு எது ஒத்துவரும்? நான்கு, மேலே இருக்கும் சின்னத் திருகுகள் அசையாமல் இறுக்கப்பட்டிருக்கின்றனவா?

ரஜனி நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்து, ஒன்றுக்கு மேலே ஒரு பூஜ்யம் போட்டார். பக்கத்தில் எழுதினார் – 'இது யாருக்காகச் செய்த சாமான்?'

பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியும். ஐந்தாவது பாயின்ட் யாருக்கும் தோன்றும். பூஜ்யம் தோன்றுவதற்கு வேறு மூளை வேண்டும்!

ரஜனி விளக்கிய விஷயம் இதுதான். இங்குள்ள சட்டத்தில் குழல், போல்ட், தோட்டா அமரும் அறை – இவற்றில் ஒன்று தனியாகக் கையில் இருந்தாலும் அது துப்பாக்கிக்குச் சமம். கேரியர் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. அப்படியானால் யாரும் வாங்கலாமா? இன்டர்நெட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். செந்திலும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனால் பார்க்க அதே மாதிரி ராணுவத் துப்பாக்கிக்கென்று செய்த கேரியர்களும் உண்டு. அங்கே போர்க்கருவிகளுக்கான தனிச் சட்டம் குறுக்கே வரலாம். அதன் முன்னால் விளையாட்டு வீரரின் அட்டை செல்லாது. சந்தை மேஜையில் கிடந்தது எந்த ஜாதி?

செந்தில் டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து வைத்திருந்தான். ரஜனி பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லு!"

"கையில தந்தாலும் 'நினைக்கிறன்' எண்டுதான் சொல்லுவன் அண்ணை. சந்தேகம் எண்டால் பொலிஸ் தலைமை அலுவலகத்துக்கு அன்ட்ராக் போட வேணும். அவை எழுத்தில தருவினம்."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். விண்ணப்பம் என்றால் மாதங்கள். செந்திலிடம் இருந்தது இரண்டு வாரம்.

அப்போதுதான் அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டான்.

"தங்கச்சி, கேரியர் சட்டத்துலயே இல்லன்னு நீயே சொல்ற. நீ கடைக்குன்னு அந்தாளுகிட்ட வாங்கிக்கோ. புதுசா எனக்கு வித்த மாதிரி ஒரே ஒரு பில் போடு. நாளைக்கு எவனாவது கேட்டா பில்லைக் காட்டிட்டுப் போறேன். அண்ணனுக்காக!"

ரஜனி தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். முதுகு நிமிர்ந்தது. பிறகு பேசியது ஜெர்மன்.

"ஹெர் செந்தில்குமார், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாத பொருளுக்கு இந்தக் கடை பில் தராது. வேறு ஏதாவது உதவி தேவையா?"

செந்தில் திரும்பிப் பார்த்தான். தனக்குப் பின்னால் வேறு யாராவது வாடிக்கையாளர் வந்துவிட்டாரா என்று!

"என்ன ரஜனி... திடீர்னு ஜெர்மன்?"

"தமிழ்ல எனக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது அண்ணை" என்று பழையபடி சிரித்தார். "வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு ஓம் எண்டு சொல்லித்தான் பழக்கம். அதுதான், இல்லையெண்டு சொல்ல வேண்டி வந்தா ஜேர்மனுக்கு மாறிடுவன்."

"நம்ம ஆளுன்னு நம்பி வந்தேன் பாரு."

"நான் உங்கட ஆள்தான். தங்கச்சி எண்டு கூப்பிட்டுட்டு, தங்கச்சியின்ர கடையை எல்லோ கேக்கிறியள்?"

"கடையையா? நான் பில்லைத்தானே கேட்டேன்!"

"ரெண்டும் ஒண்டுதான். இந்தத் தொழில்ல அதிகாரிகள் பாக்கிறது நம்பலாமோ, நம்பேலாதோ எண்டதைத்தான். ஒரு பொய் பில் பிடிபட்டால் நம்பேலாத ஆள் எண்டு எழுதிப் போடுவினம். பிறகு எனக்குக் கடையும் இல்லை, இந்தத் தொழிலும் இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்!"

கடைசி வரிக்கு நான் சிரித்துவிட்டேன். செந்தில் சிரிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் ஆபீஸோ ஆஸ்பத்திரியோ, நாம் முதலில் தேடுவது கதவையா? "உள்ளே தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றுதானே? இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த நிம்மதி. அந்தத் தெரிந்தவர் என்ன பாடுபடுகிறார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? எனக்கும் அன்றுதான் தோன்றியது.

"அப்ப மேட்ச் போச்சு" என்றான் செந்தில், மேஜையைப் பார்த்தபடி.

"ஏன் போகுது? கிளப்பின்ர துவக்கு கிடக்குதுதானே. பொறுப்பாளரைக் கேளுங்கோ, தருவார்."

"அதுவா! அதுல புதுசா சேர்ந்தவங்கதான் சுடுவாங்க. எல்லாரும் பார்ப்பாங்க."

"பாக்கட்டும். அதில நல்லாச் சுட்டால் இன்னும் கெட்டித்தனம்தானே?"

செந்தில் வெளியே போய் சந்தைக்காரருக்கு போன் போட்டான். கண்ணாடி வழியாகத் தெரிந்தது, முதலில் கையை ஆட்டிப் பேசினான், பிறகு கையை இறக்கிவிட்டான். உள்ளே வந்தான்.

"எங்கேருந்து வந்ததுன்னு எழுதித் தருவீங்களான்னு கேட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கிறேன்னு போனை வச்சுட்டாரு."

ரஜனியிடம் "நான் அப்பவே சொன்னேன்" என்ற பார்வை இல்லை. என்னால் அப்படி இருந்திருக்க முடியாது, நிச்சயமாக! ரைஃபிள் கம்பெனியின் விலைப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார். செந்திலின் ரைஃபிளுக்கென்றே செய்து, இது ராணுவச் சாமான் இல்லை என்ற அந்த அலுவலகத்தின் கடிதத்தோடு வரும் கேரியர். என் பட்டியலை பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போட்டார். எடையில் மட்டும் என்னோடு சண்டை. நான் இலேசானது என்றேன். செந்தில் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கிறவன், அவனுக்குக் கனமானதுதான் சரி என்றார் ரஜனி. செந்தில் ரஜனி பக்கம் சேர்ந்துகொண்டான். பத்து நிமிஷம் முன்னால் முறைத்தவன்!

இன்றைய நிலை இது. கேரியர் வர ஒரு மாதம் ஆகும். செந்திலின் ரைஃபிள் அதுவரை பெட்டகத்தில். வருகிற ஞாயிறு போட்டி, கிளப் ரைஃபிளோடு போகிறான். பயிற்சியில் சுமாராகத்தான் சுடுகிறான். முன்பணத்துக்கு ரஜனி ஒரு பில் கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு வரியும் உண்மையாக. கடை உரிமத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

வந்தாலும், அவர் அம்மாவைப் பொறுத்தவரை அது மெஷின் கடைதான்.