எந்தக் கேள்விக்கும் பொருந்தும் சாவு

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நகரம் மேலே போய்க் கீழே வருவது தன் தயவில்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஆள் தங்கம், வாயைத் திறந்தால் மட்டும் லிஃப்ட் புராணம். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்ப்பார். படியேறி வந்தால், அந்த லிஃப்ட் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவரை அவர் பெற்ற மகளே லிஃப்ட் குழிக்குள் தள்ளிக் கொன்றாள். எல்லாம் இங்கிலீஷ் பரீட்சைக்காக.

பள்ளியின் கடைசி வருஷப் பரீட்சை. இங்கிலீஷ் தாளில் சொந்தமாக ஒரு கதை எழுத வேண்டும். தலைப்பு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ட்யூஷன் சார் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஆள், இடம், ஒரு சம்பவம் என்று கதையைத் தயாராக வைத்துக்கொள், வருகிற தலைப்புக்குத் தக்கபடி ஆரம்பத்தையும் முடிவையும் வளைத்துக்கொள்ளலாம். வகுப்பில் நிறையப் பேர் தாத்தாவைக் கொன்றிருந்தார்கள். சிலர் நாயை. எங்கள் வீட்டுப் பெண் வித்தியாசமாக இருக்கட்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அதை உரக்க வாசித்துக் காட்டினாள். நானும் இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கயிறு அறுந்தா செத்தேன்? ஒரு லிஃப்டுக்கு எத்தனை கயிறு இருக்கு தெரியுமா பாப்பா? ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும்."

"அது கதைப்பா."

"சரி, அதுக்கு ஏன் நான்?"

"நீ செத்தா எல்லாத்துக்கும் பொருந்துதுப்பா. பயணம்னு வந்தா, நீ கடைசியா வேலைக்குப் போறது. ஏதாவது பொருள்னு வந்தா, உன் டார்ச் லைட். மழைன்னு வந்தா, அன்னிக்கு மழை."

"உசிரோட இருந்தா பொருந்தாதா?"

"பொருந்தும், மார்க்தான் வராது. எழுதிக் காட்டினேன், சார் இருபதுக்குப் பதினொண்ணு போட்டார். நீ செத்தா பதினெட்டு."

"பதினெட்டா? அப்ப செத்தே போங்க" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

எல்லாரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். ஆனால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன்பிறகு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வரேன்" என்பதில் அந்த "வரேன்" மட்டும் கொஞ்சம் அழுத்தமாக வந்தது. கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

பெண்ணுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. இங்கிலீஷில் மார்க் குறைந்தால் அந்தப் படிப்பு கைநழுவிவிடும். அது அவருக்கும் தெரியும். பரீட்சை நாள் காலையில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் முன்னால் வந்து நின்றார்.

"எதையும் யோசிக்காதே பாப்பா. தாராளமா என்னைக் கொன்னுடு. கயிறுன்னே எழுது, பரவாயில்ல."

பரீட்சை முடியும் நேரத்துக்கு நானும் அவரும் பள்ளி வாசலில் போய் நின்றோம். வெளியே வந்தவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "செத்தேனா?"

"இல்லப்பா. 'காத்திருத்தல்'னு தலைப்பு. கதையை அப்படியே போட்டிருக்கலாம். சாகடிக்கிற இடமும் வந்துச்சு. நீ காலையில வந்து நின்னது ஞாபகம் வந்துச்சு, கை ஓடல. நீ வீட்டுக்கு வந்து, கையக் கழுவிட்டு, சாப்பிட உக்கார்ற மாதிரி முடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! மார்க் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். முகத்தில் மட்டும் சந்தோஷம் வழிந்தது. வீடு வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே அவள் பையைத் தூக்கி வந்தார்.

விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்ததில், கதைக்குப் பதினாலு கிடைத்திருந்தது. மற்றத் தாள்கள் கைகொடுத்ததில், கடைசிப் பட்டியலில் என்றாலும், கேட்ட படிப்பு கிடைத்துவிட்டது. வேலைக்குப் போகிற கட்டடத்திலெல்லாம் அத்தான் அந்த மார்க்கைச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று கேள்விப்பட்டு, "பதினாலுதானே அத்தான், அதுக்கா இவ்வளவு?" என்று சீண்டினேன்.

"சும்மா பதினாலு இல்ல மாப்ளே" என்றார். "நான் உசிரோட இருந்து வாங்கின பதினாலு."