கார்டை முந்திய கடிதம்

நாமக்கல்லில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நாளில்தான் கராச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் தபால் வர ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் இந்தியப் படத்தை விரித்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்துக் காட்டுவேன். ஒரு சாணுக்கு மேல் நாலு விரல். அதை ரயில் நாலைந்து நாள் உருட்டும். விமானம் இன்று காலை கிளம்பினால் நாளை சாயங்காலம் சென்னையில் இறங்கிவிடும்.

வீட்டிலும் இதே பாடம்தான். என் மனைவியின் ஒரே தம்பி கராச்சியில் பட்டாளத்தில் இருந்தான். ஆனால் அவள் அசரவில்லை.

"அது பறந்தா பறக்கட்டுங்க. எந்தம்பி கார்டுக்கு மேல செலவு பண்ண மாட்டான்."

அவள் வாய் மூடுவதற்குள் என்று சொல்லலாம், ஒரு திங்கட்கிழமை விமானத் தபாலிலேயே அவனிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே மூன்றே வரி. 'அக்கா, பயப்படாதே. நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறேன்.'

"இப்ப ஆருங்க பயந்தா?" என்று சிரித்தாள். "சோத்துக்கே பொறந்தவன் கஞ்சி குடிக்கறானாமா!"

நானும் சிரித்தேன். விமானத்தின் வேகத்தை மெச்சியதில் கஞ்சியைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஒரு கார்டு வந்தது. அவனோடு தங்கியிருந்த சிப்பாய் எழுதியது. கடுங்காய்ச்சல், நினைவு தப்பிவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார், யாராவது உடனே புறப்பட்டு வரவும். படித்து முடிப்பதற்குள் என் மனைவி சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை நன்றாக இருந்தவன் புதன்கிழமை இப்படி ஆகிவிட்டானே என்றுதான் எனக்குத் தோன்றியது. சேலம் போய் ரயிலைப் பிடிக்க வேட்டி சட்டைகளைப் பைக்குள் திணித்தேன். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதுவரை அவன் தாங்குவானா என்பதுதான் மனசில் ஓடியது.

பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல்படி இறங்கிவிட்டேன். உள்ளேயிருந்து அவள் குரல்.

"ஏனுங்க, நில்லுங்க. இங்க வந்து பாருங்க."

அழுகை நின்றிருந்தது. கடிதத்தையும் கார்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"கார்டுல மூணாந்தேதி போட்டிருக்குங்க. இந்தக் காயிதத்துல அஞ்சாந்தேதி. கார்டு ரயில்ல வந்துருக்குது. காயிதம் மேல பறந்து வந்து முந்திக்கிச்சு. காய்ச்சல் விட்டதுக்கப்பறந்தானுங்க கஞ்சி குடிச்சிருக்கான்!"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நூல் பிடித்து ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். விமானத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காதவள் அதன் வேகத்தைக் கணக்கில் எடுத்து என்னை நிறுத்திவிட்டாள். அன்று அவள்மேல் வந்த மரியாதை எனக்கு இன்றுவரை குறையவில்லை.

பையை இறக்கி வைத்தேன். படத்தை விரிக்கச் சொன்னாள். கராச்சியில் நூலின் ஒரு முனையை வைத்து, மறு முனையைத் தானே இழுத்துப் பிடித்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"கார்டு போயிருச்சுன்னு அந்த சிப்பாய் சொல்லியிருப்பானுங்க. அதப் பாத்தா அக்கா அழுவாளேன்னு, இத்தன தூரத்தையும் தாண்டி அதுக்கு முன்னால வந்து நின்னிருக்கான் எந்தம்பி."