கண்ணாடி ஓட்டைக் கழற்றிய வாரம்

வடக்குப்பட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையின் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. சன்னல் கிடையாது. பகல் என்று ஒன்று உள்ளே வந்தால் அதன் வழியாகத்தான் வர வேண்டும். ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. லாரிப் புழுதி படிந்து, பாசி பிடித்து, ஓடு டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதன் கீழே பாயில் என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மல்லாந்து கிடந்த கோலம்தான் இப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாக வந்து, கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்திருந்தோம். அக்காவுக்கு ஊரில் நிச்சயம் ஆகியிருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வேனில் வந்திறங்குகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். வேலைக்குப் போவதை நிறுத்தினாள், தலை வாருவதை நிறுத்தினாள், எது கேட்டாலும் 'ம்' என்றாள். எனக்கோ லீவு கிடையாது. லைனில் கை பாட்டுக்கு ஒயரைச் செருகிக்கொண்டிருக்கும். மனம் அந்த அறையின் தாழ்ப்பாளிலேயே கிடக்கும். வேனை விட்டு இறங்கியதும் ஓடுவேன். கதவைத் தட்டி, உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்கிற வரை மூச்சு விட மாட்டேன்.

ஒரு நாள் அப்படி ஓடி வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. வெறும் பாயில் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. மேலே ஓடு இருந்த இடத்தில் வானம். அக்காவைக் காணோம். வாசலுக்குத் திரும்பி ஓடினேன். பிறகுதான் கொல்லையில் பேச்சுக் குரல் கேட்டது. வீட்டுக்காரம்மா துவைகல்லில் கண்ணாடி ஓட்டை வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வயல்கள் கைமாறிய பின் இரண்டு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரம்மா. அதுவரை எங்கள் அறைப்பக்கம் அதிகம் வந்ததில்லை. மழைக்கு முன் ஓட்டைச் சரிபார்க்க வேண்டும், ஏணியைப் பிடிக்க ஆளில்லை, அதனால்தான் அக்காவை எழுப்பினேன் என்றார். பாசி போனதும் கண்ணாடியில் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தது.

அந்த வேலை முடிகிற வழியாக இல்லை. மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் படப்பை போய்க் கண்ணாடி ஒட்டும் பசை வாங்கி வந்தார். ஒட்டியது காயவில்லை என்றார். காய்ந்ததும் சரியாகப் பிடிக்கவில்லை என்று பிளேடால் சுரண்டி எடுக்கச் சொன்னார். மறுபடி ஒட்டினார்கள். இந்தப் பொம்பளை என்னை உட்காரவே விடுவதில்லை என்று அக்கா என்னிடம் குறைப்பட்டாள். நிச்சயம் முறிந்ததிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. எனக்கும் எரிச்சல்தான். அறையெல்லாம் புழுதி. அக்கா குளிக்கப் போயிருந்த நேரம், புது ஓடு ஒன்று வாங்கி மாட்டினால் ஆகாதா என்று வீட்டுக்காரம்மாவிடமே போய்க் கேட்டேன். அவர் பால் கறந்துகொண்டே, திரும்பாமல் பேசினார்.

"மாட்டலாம்மா. மாட்டிட்டா உங்க அக்கா கதவ சாத்திக்கும். அன்னிக்கு மோர் குடுக்க வந்தேன். படுத்துகினு உத்தரத்தையே பாத்துகினு இருந்துச்சு. எங்க நாத்தனாரு அப்பிடித்தான் பாத்துகினு இருந்தா. அப்ப எனக்கு இன்னான்னு புரியல." காம்பை மாற்றிப் பிடித்தார். "கூரை தொறந்து கெடந்தா, நான் மாட்டாண்ட இருந்தாலும் உள்ள சத்தம் கேக்கும்."

அதற்குப் பிறகு எனக்கு லைனில் நிற்கவே முடியவில்லை. நான் மனதுக்குள் பெயர் வைக்காமல் தள்ளிக்கொண்டே வந்ததை அவர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா ஒரு கல்யாணத்துக்கு மணிமங்கலம் போயிருந்தார். சாயங்காலம் மேகம் திரண்டு காற்று கிளம்பியது. அக்கா ஏணியைச் சாத்தினாள். வேண்டாம் என்றேன். கேட்காமல், ஓட்டைப் பழைய சேலையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேல்வரிசை ஓட்டை லேசாகத் தூக்கி, கண்ணாடி ஓட்டை அதன் அடியில் செருகினாள். செருகியவள் இறங்கவில்லை. கூரை முகட்டில் உட்கார்ந்து, எங்கோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், மறுபடியும் கூப்பிட்டேன். தூறல் விழத் தொடங்கியது. மேலே ஏறலாமா, ஏணியை விட்டால் என்ன ஆகும் என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் வந்தது.

"ஏட்டி, நாளைக்கு நமக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டா, செகண்டா?"

அன்றைய மழையில் ஓடு ஒழுகத்தான் செய்தது. கீழே பக்கெட்டை வைத்துவிட்டு, மறுநாளுக்கு அவள் யூனிஃபார்மைத் தேடி எடுத்தோம். சூப்பர்வைசர் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி ஹாஸ்டல் நிற்கிறது. அக்கா சாத்தூரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். மாட்டுக்கொட்டகையில் கேட்டதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஆனால் அவள் போனை எடுக்காவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. எடுக்கிற வரை அடித்துக்கொண்டே இருப்பேன். போன மாதமும் அப்படித்தான். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து எடுத்தவள், நான் ஹலோ சொல்வதற்கு முன்பே, "உசுரோடதான்ட்டி இருக்கேன், போன வையி" என்றாள்.