பீரோவில் வைத்த சிப்

கருடசேவைக்கு வந்த விருந்தாளிகள் ஊர் திரும்பிய மறுநாள் காலை, என் மேசையில் சிப்பைக் காணவில்லை.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கூடத்தில் அண்ணனும் அண்ணியும் நெய்கிற தறி, அதைத் தாண்டிய மூலையில் என் மேசை. அதில் ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருந்தேன். பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர், ஓட்டை போட்ட பலகை நிறையப் பற்றவைத்த ஒயர்கள், எண்ணைக் கொடுக்க ஒரு வரிசை சுவிட்சு, விடையைக் காட்ட ஒரு வரிசை சின்னச் சிவப்பு விளக்கு. இரண்டு முறை புகைந்து, இரண்டு முறையும் சர்க்யூட்டைப் புதிதாக வரைந்தேன். கூட்டல் கணக்குப் போட்டால் போதும் என்பதுதான் என் பேராசை. கணக்குப் போடப்போகும் மூளை அந்தச் சிப். கூடப் படித்த தோழி அமெரிக்காவிலிருந்து கைப்பையில் கொண்டுவந்தது. அது போனால் இன்னொன்று கிடையாது.

அதைத் தொடவே எனக்குப் பயம். நம் உடம்பில் தேங்கும் மின்சாரம், நமக்கே தெரியாத அளவு இருந்தாலும், அதைக் கொன்றுவிடும் என்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. பட்டு நெய்கிற வீட்டில் இதைவிட வம்பு வேண்டுமா? வெயில் காய்ந்த நாளில் இழை சுற்றினால் கை மயிர் சிலிர்த்து நிற்கும். அதனால் சிப் வந்த கருப்புப் பஞ்சிலேயே, அதன் கம்பிக் கால்கள் குத்தியபடி விட்டுவைத்திருந்தேன். மின்சாரம் கடத்தும் பஞ்சு அது. எல்லாக் கால்களையும் ஒன்றாகப் பிணைத்துக் காப்பாற்றும்.

அண்ணியைக் கேட்டேன்.

"அவங்க போனதும் கூடத்தைக் கூட்டினேன். அந்தக் கருப்புப் பஞ்சு உதிர்ந்துக்கினு இருந்துதுமா, தூக்கிப் போட்டுட்டேன். உன் சாமானைப் பட்டுல சுத்தி பீரோல வெச்சிருக்கேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் அருமையான எதுவும் பட்டில்தான் இருக்கும். ஜாதகம், குழந்தையின் முதல் கொலுசு எல்லாம் அப்படித்தான். என் சிப்புக்கும் அந்த மரியாதை கிடைத்துவிட்டது. அந்தப் பட்டே அதைக் கொன்றிருக்கலாம் என்பதை அவளிடம் சொல்லாமல் பீரோவைத் திறந்தேன். சிப் செத்திருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டுத் தேறிவிடலாம். தன்னால்தான் கெட்டது என்று அண்ணிக்குத் தெரிந்தால்? நூல் கூடைகளை நகர்த்தி எனக்கு மூலை கொடுத்தவள் அவள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் முணுமுணுத்தபோது அவர் வாயை அடைத்தவளும் அவள்தான்.

என் உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணில் இறங்கட்டும் என்று மணிக்கட்டில் செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கொல்லையில் இருந்த கைபம்பில் கட்டிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்தேன். வெறும் பட்டு இல்லை. முந்தானைத் துண்டு, இடைவெளியில்லாமல் சரிகை. இருப்பதில் உயர்ந்ததாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். சிப்பின் கால்கள் சரிகைக்குள் அழுந்தப் புதைந்திருந்தன. மீட்டரின் இரண்டு முனைகளையும் சரிகையில் வைத்தேன். முள் கடைசிவரை ஓடியது. வெள்ளிச் சரிகை, மின்சாரம் கடத்தாமல் என்ன செய்யும்? பஞ்சின் வேலையை அது செய்திருக்கலாம். ஆனால் பஞ்சிலிருந்து பிடுங்கிய அந்த நேரத்தில் அண்ணியின் விரலில் என்ன இருந்ததோ. அந்தப் பயம் போகவில்லை.

சிப்பைப் பலகையில் சொருகினேன். அண்ணி தறியை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். இப்போது பார்த்தா வரவேண்டும் என்று எரிச்சலாக இருந்தது. கூட்டலுக்கான கட்டளைகளைச் சுவிட்சுகளில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்றைத் தப்பாகத் தட்டி, மறுபடி முதலிலிருந்து. பிறகு இரண்டையும் மூன்றையும் கொடுத்தேன். கடைசிச் சுவிட்சைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வரிசையின் ஓரத்தில் இரண்டு விளக்குகள் எரிந்தன. அவற்றின் நடுவே ஒன்று இருட்டு. ஓர விளக்குக்கு மதிப்பு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு; எரிகிற நான்கையும் ஒன்றையும் கூட்டி, ஐந்து என்பதை அந்த யந்திரம் அப்படித்தான் சொல்லும். எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

அதற்குள் அண்ணி பேசினாள், மெல்ல. "நடுவுல ஒண்ணு எரியலியேமா. நான் பஞ்சைத் தூக்கிப் போட்டதாலதானே?"

திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். காலையில் என் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நேரமும் அவளும் பயந்துகொண்டேதான் நெய்திருக்கிறாள்.

"அது எரியக் கூடாது அண்ணி. சரியாத்தான் சொல்லுது" என்றேன்.

அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் மூன்றையும் நான்கையும் கொடுத்தேன். மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிந்தன, நடுவில் இருந்ததும். அதற்குப் பிறகுதான் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.