முதுகு பார்க்க ஓர் ஆள்

அகலமான டேப்பைப் பசை வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பின்வாசல் படியில் உட்கார்ந்து பேன்ட்டை ஒத்தி ஒத்தி எடுக்கிறார். முழங்காலில் ஓர் ஒத்து, தொடையில் ஓர் ஒத்து. டேப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதில் காலை உதறும் உண்ணியிடம், "கடைசி ஸ்டாப்பு, எறங்கு எறங்கு" என்கிறார். பிறகு மடித்து, நகத்தால் அழுத்தி, மூடி போட்ட டப்பாவில் சேர்க்கிறார்.

உயர்அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே வளரும் புல்லையும் புதரையும் வெட்டுவது அவர் வேலை. தோளில் தொங்கும் இயந்திரம், இடுப்பளவு புல். அதற்கு வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டுதான் போவார். அதையும் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வார். வெள்ளையில் எள்ளளவு உண்ணியும் கண்ணில் பட்டுவிடும். 'மாப்பிள்ளை' என்று முதலில் கூப்பிட்டவர் அவருடைய மச்சான். அவருக்கு அந்த உரிமை உண்டு. அந்த பேன்ட்டைப் பார்த்துத் தெருவும் பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டியவருக்கு அதில் வெட்கமே கிடையாது. "தெனமும் பொண்ணு பாக்கப் போறேன், ஒருத்தியும் அமையல" என்பார்.

மாட்டு ஈ கடித்தால் அதன் வம்சத்தையே திட்டுவார். கொசுவைப் பொருட்படுத்த மாட்டார். பயமெல்லாம் உண்ணியிடம்தான். "கொசு திருடன், கடிச்சிட்டு ஓடிருவான். இவன் வாடகைக்கு வர்றவன். வந்தா காலி பண்ண மாட்டான்." முன்பு ஒருமுறை உண்ணிக் காய்ச்சலில் படுத்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. பக்கத்து வீடு என்பதால் இவரையும் பார்த்துக்கொண்டேன். மகா மோசமான நோயாளி.

அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் அவரே தடவிப் பார்த்துக்கொள்வார். முதுகு எட்டாது. அதற்கு மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன், அதே குழுவில் வேலை, எதிர் வீட்டு மாடியில் தனிக்கட்டை. வேலை முடிந்ததும் வண்டிக்குப் பின்னால் நின்று ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்பார்கள்.

"மச்சான், இது மச்சமா உண்ணியா?"

"கிள்ளிப் பாரு மாப்ள. நான் கத்துனா மச்சம்."

சென்ற வாரத்தோடு அது நின்றது. மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். அவரிடம் போனில், "உங்கண்ணன் வெட்டுன எடத்தப் பாத்தா கழுதை மேஞ்ச மாதிரி இருக்கு" என்று இவர் விளையாட்டாகச் சொல்லிவைக்க, அவர் அதை அண்ணனிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார். மறுநாளிலிருந்து, வேலை முடிந்தால் மச்சான் நேரே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.

நேற்று மாலை மாப்பிள்ளை சட்டையைக் கையில் பிடித்தபடி என் வாசலில் நின்றார். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒன்று கடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஸ்கேலால் சுரண்டியிருக்கிறார். சுற்றிலும் சிவந்து கிடந்தது.

"சுரண்டுனா வாய் உள்ளயே தங்கிடும்னு தெரியாதா தம்பி?"

"தெரியும்க்கா. கை கேக்கல."

எண்ணெயும் வைக்கவில்லை, நெருப்பும் காட்டவில்லை. முள் எடுக்கும் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, நிதானமாக இழுத்தேன். முழுதாக வந்தது. இடத்தைச் சோப்பால் கழுவிவிட்டு, "காய்ச்சலோ தடிப்போ வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டவர் கிளம்பவில்லை. எதிர் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நீங்க இருக்கீங்க. அந்த மனுசன் முதுகை யாருக்கா பாக்குறா? ஒரு வாரமா யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எனக்கு வந்த காய்ச்சல் அவருக்கு வந்தா, மாடி ஏறிப் பாக்கக்கூட ஆளில்ல."

"போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"எங்க? என்னைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு."

"உங்களுக்கு வேண்டியது மூஞ்சியா, முதுகா? திருப்பிக்கிட்டா வசதிதானே."

அவர் சிரிக்கவில்லை. இடுக்கியை இரவல் கேட்டார். கொதிநீரில் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன்.

இன்று காலை மச்சான் தெருமுனையில் வேலை வண்டிக்காகக் காத்திருந்தார். வெள்ளை பேன்ட் வருவதைப் பார்த்ததும் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொண்டார். மாப்பிள்ளை பின்னால் போய் நின்று, அவர் சட்டைக் காலரை ஒரு விரலால் கீழே இழுத்தார். மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார். மேல் பொத்தானைக் கழற்றி, தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தார்.