தொண்ணூறாம் லெவலும் ஓர் அம்பு ஸ்டிக்கரும்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டையோ, தையல் விட்டதோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். பனியன் தையல்காரரிடம் திரும்பிப் போகும். அதற்கு ஆல்ட்டர் என்று பெயர். நாள் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடுகிற வேலை. என் குணத்துக்குப் பொருத்தமானது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

எதிர் டேபிளில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர். மதியம் அவருடைய கருவாட்டுக் குழம்பு டப்பாவும் என் தயிர்சாத டப்பாவும் ஒன்றாகத்தான் திறக்கும். நடுவில் என் போன். அதில், கலந்து கிடக்கும் நூல்களை நிறம் நிறமாகப் பிரித்துக் கோன்களில் சுற்றும் விளையாட்டு. காலையெல்லாம் பனியன், மதியமும் நூலா என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். நாங்கள் காதில் வாங்கவில்லை. ஆளுக்கொரு விரலை நீட்டி, தப்பாகத் தொட்டு, தோற்று, சிரித்து, எண்பத்தொன்பது லெவல் தாண்டினோம்.

தொண்ணூறு வந்தது. அடேயப்பா! பதின்மூன்று நிறம், காலியாக ஒரே ஒரு கோன். ஒரு நூலைத் தப்பாக நகர்த்தினால் மறுபடி முதலிலிருந்து. நான்கு நாள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஐந்தாம் நாள், முடியப்போகிற நேரத்தில் அக்கா விரலை நீட்டினார். நான் தட்டிவிட்டேன்.

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா! உங்களாலதான் தோக்கறதே."

"சரி, நீயே வெளாடு தாயி."

விளையாட்டில் சுவை போனது எப்போது என்று கேட்டால் அந்த நொடியைத்தான் சொல்வேன். அதன்பிறகு ஆடியதெல்லாம் வீம்புக்கு; தொண்ணூறும் முடிந்தபாடில்லை. அக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். ஒரு வாரம் எனக்குக் கருவாட்டு வாசனை மட்டும்தான் வந்தது. இனி திரும்பி வரவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது. இருந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

ஒரு நாள் மதியம், கை கழுவும் கூட்டத்தில் யாரோ என் தோளில் இடித்துவிட்டுப் போனார்கள். டேபிளுக்குத் திரும்பினால், பார்க்கிறவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். சூப்பர்வைசர் நின்று உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, உங்களையே ஆல்ட்டருக்கு அனுப்போணுமாட்ட இருக்குதுங்களே?"

குனிந்து பார்த்தேன். என் தோளில் அம்பு ஸ்டிக்கர். அதன் முனை நேராக என் வாயைக் காட்டியது. எதிர் டேபிளில் அக்கா ஒரு பனியனுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. அப்புறம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். சரியான இடத்தில்தான் ஒட்டியிருந்தார். இத்தனை வருடச் செக்கிங்கில் எனக்கே தெரியாதா?

"தப்புத்தானுங்கக்கா," என்றேன்.

"மூணு தடவ ஆல்ட்டர் போயும் சரியாவலன்னா அந்தப் பீஸ என்னட்டி செய்வோம்?"

"ரிஜெக்டுங்க," என்றேன். என்னைத்தான் சொல்கிறாரோ என்று திக்கென்றது.

"பெறவென்ன, அந்த வெளாட்டத் தூக்கிப் போடு."

அங்கேயே போனிலிருந்து அழித்தேன்.

மறுநாள் இரண்டு டப்பாவும் ஒன்றாகத் திறந்தன. புது விளையாட்டு, முதல் லெவல், பச்சைக் குழந்தைகூட முடித்துவிடும். அக்கா தப்பான இடத்தில் விரலை வைத்தார். சொல்ல வந்ததைக் கருவாட்டுக் குழம்போடு சேர்த்து விழுங்கினேன்.